வீட்டு முற்றத்தில் பழைய பாணி மரவள்ளம்: பன்னிரண்டு அடி வள்ளம் கட்ட முழுமையான வழிகாட்டி

புதிதாக வள்ளம் கட்ட வருகிறவர்கள் அநேகமாகப் பலகை அறுப்பதில்தான் தொடங்க ஆசைப்படுகிறார்கள். மரம் வந்து இறங்கியதும் வாளை எடுத்துவிடுகிறார்கள். ஆனால் கோணிப்போன வள்ளங்களைப் பார்த்தால், பிழை பலகை ஏறுவதற்கு முன்னரே நடந்திருக்கும். கோடு நேராக இல்லாமல், அச்சு (பலகையை வளைத்து ஏற்றுவதற்கான தற்காலிக வடிவச்சட்டம்) மட்டமாக நிற்காமல் ஏற்றிய பலகையை எந்தக் கெட்டிக்காரத் தச்சனாலும் திருத்த முடியாது. அதனால் இந்த வழிகாட்டியில் ஆயத்த வேலைக்கே கூடிய இடம் கொடுத்திருக்கிறேன்.

நாம் கட்டப்போவது 12 அடி நீளமும் 4 அடி அகலமும் கொண்ட, தண்டு வலித்துப் போகும் வள்ளம். அடி தட்டை. இரு பக்கமும் மும்மூன்று பலகைகள், ஒன்றின் விளிம்பில் மற்றது ஏறியபடி. யாழ்ப்பாணக் கடல்நீரேரி பல இடங்களில் இடுப்பளவு ஆழம்கூட இல்லாதது. அங்கே தட்டை அடிதான் தரைதட்டாமல் போகும். ஏறிய பலகைகள் பழைய வள்ளத்தின் தோற்றத்தைக் கொடுப்பதோடு, விளிம்புகள் இரட்டிப்பாவதால் மெல்லிய பலகைக்கே போதிய பலத்தையும் தருகின்றன.

பலகைக்கு முழுமரம் வேண்டாம், பிளைவுட்டை எப்பொக்சியால் (பிசினும் கடினமாக்கியும் கலந்ததும் இறுகும் பசை) ஒட்டுவோம். முழுமரத்தில் கட்டி, இடுக்குகளில் கலப்பத்து (நீர் புகாமல் அடைக்கும் அடைப்பு) அடித்த வள்ளம் தண்ணீரிலேயே கிடக்கவேண்டியது. மரம் ஊறிப் பருத்தால்தான் இடுக்கு இறுகும். வாரம் முழுதும் முற்றத்து வெயிலில் கிடந்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடலுக்குப் போகும் வள்ளத்தில் மரம் சுருங்கி, ஒவ்வொரு முறையும் நீர் கசியும். ஒட்டிய பிளைவுட்டில் அந்தத் தொல்லை இல்லை.

1. காலமும் இடமும்

தைப்பொங்கல் கழிந்து மழை ஓய்ந்ததும் தொடங்குங்கள். ஐப்பசி மழைக்கு முன் பூச்சு வேலை முடிந்திருக்கவேண்டும். ஈரக்காற்றில் எப்பொக்சியின் மேல் மெழுகு போன்ற படலம் படியும். வாணிஷ் மங்கும்.

கூரையுள்ள இடம் கட்டாயம் வேண்டும். ஓலைக் கொட்டில் போதும். 18 அடி நீளம், 10 அடி அகலம் இருந்தால் வள்ளத்தைச் சுற்றி நடந்து வேலை செய்யலாம். சோளகக் காற்று வரும் பக்கத்தைத் தறப்பாளால் மறைத்துவிடுங்கள். வைகாசி தொடக்கம் அந்தக் காற்று புழுதியை அள்ளிவந்து ஈர வாணிஷில் போடும்.

அப்புறம் படலையை அளந்து பாருங்கள். கொட்டில் வாசல், படலை, ஒழுங்கையின் முடக்கு, மூன்றினாலும் வள்ளம் வெளியே போகவேண்டும். வள்ளத்தைச் சரித்துக் கொண்டுபோகலாம் என்பதால் அகலத்தைவிட முடக்கில் நீளம் திரும்புமா என்பதே முக்கியம். 12 அடி றீப்பை (மெல்லிய மரச்சட்டம்) ஒன்றைத் தூக்கிக்கொண்டு நடந்து பாருங்கள், தெரிந்துவிடும்.

2. வரைபடம்

ஏற்கனவே பலர் கட்டி ஓட்டிய வரைபடம் ஒன்றை விலை கொடுத்து வாங்குங்கள். இருக்கும் 16 அடி வரைபடத்தையே 12 அடிக்குச் சுருக்கிக் கட்டலாமே என்ற யோசனை அடிக்கடி வரும். செய்யாதீர்கள். எல்லா அளவையும் முக்கால்வாசியாக்கினால், சரியும்போது வள்ளம் தன்னை நிமிர்த்திக்கொள்ளும் வலு மூன்றில் ஒரு பங்கிலும் குறைந்துவிடும். அந்த வலு நீளத்தின் நான்காம் அடுக்கில் மாறுவதே காரணம். உள்ளே இருக்கும் ஆளின் நிறை மட்டும் சுருங்குவதில்லை.

வரைபடத்தில் அளவு அட்டவணை இருக்கவேண்டும். குறித்த தூரங்களில் நடுக்கோட்டிலிருந்து அகலம் எவ்வளவு, உயரம் எவ்வளவு என்று அது சொல்லும். அட்டவணை இல்லாத அழகான படத்தை வைத்துக்கொண்டு வள்ளம் கட்ட முடியாது.

3. மரமும் பிளைவுட்டும்

பக்கங்களுக்கு 6 மி.மீ. பிளைவுட் மூன்று தாள், அடிக்கு 9 மி.மீ. இரண்டு தாள். கடலுக்கான பிளைவுட் பிஎஸ் 1088 தரக்குறியோடு வரும். குறியை மட்டும் நம்பாமல் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி, ஒரு மணித்தியாலம் தண்ணீரில் கொதிக்கவிட்டு, வெயிலில் காயவைத்து, திரும்பவும் கொதிக்கவிடுங்கள். உளி வைத்துக் கிளப்பும்போது படைகள் தாள் தாளாகப் பிரிந்தால் அந்தப் பிளைவுட் வேண்டாம். விளிம்பைச் சுற்றியும் பாருங்கள். நடுப்படையில் பொந்து இருந்தால் அங்கேதான் நீர் தங்கும்.

பின்பலகைக்கும் குறுக்கு வாங்குகளுக்கும் பலா. ஓர் அங்குலத் தடிப்பு. வாணிஷ் பட்டதும் பொன்மஞ்சளாக வரும், பழைய பாணித் தோற்றத்துக்கு அதைவிட வடிவான மரம் நம்மூரில் இல்லை. உங்கள் வளவுப் பலாவை வெட்டுவதானால் முதலில் பிரதேச செயலகத்தில் அனுமதி எடுங்கள். பலா, ஈரப்பலா, பெண்பனை மூன்றும் 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டவை. மரம் ஏற்றிவரவும் பத்திரம் தேவையா என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

மூலைக்கட்டைகளுக்குப் பூவரசு. இதை மரக்காலையில் தேடவேண்டாம், வேலியில் தேடுங்கள். பக்கப்பலகையும் பின்பலகையும் சந்திக்கும் மூலை, வாங்கும் பக்கமும் சந்திக்கும் மூலை, அணியத்தில் (வள்ளத்தின் முன்முனையில்) இரு விளிம்பும் கூடுமிடம், இங்கெல்லாம் வளைந்த கட்டை வேண்டும். நேர்ப்பலகையில் வளைவை வெட்டி எடுத்தால் ஓரிடத்திலாவது நார் குறுக்கே ஓடும், அங்கேதான் முறியும். கிளை பிரியுமிடத்தில் மரத்தின் நார் தானாகவே வளைந்து போகிறது. மட்டையில் மூலைக்கோணத்தை வெட்டிக் கையில் வைத்துக்கொண்டு வேலி நெடுக நடந்தால், எந்தக் கவர் எந்த மூலைக்குப் பொருந்தும் என்று கண்ணுக்குத் தெரியும். வெட்டியதும் நடுவால் இரண்டாகப் பிளந்தால் இடதுக்கும் வலதுக்கும் ஒரே வளைவில் சோடி கிடைக்கும். வெட்டுமுகங்களுக்குப் பெயின்ற் பூசி நிழலில் காயவிடுங்கள். முனையால் ஈரம் கெதியாகப் போனால் கட்டை வெடிக்கும்.

மரம் காய்ந்துவிட்டதா என்று தட்டிப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு துண்டை எடுத்து வாரத்துக்கொருமுறை தராசில் வையுங்கள். நிறை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது. பச்சை மரத்தில் எப்பொக்சி பிடிக்காது. அடுக்கும்போது கல்லின்மேல் வைத்து அடுக்குங்கள், மண்ணில் படவிட்டால் கறையான் ஏறும்.

4. பசையும் ஆணியும்

பைபர் போட்டுகளுக்குப் பாவிக்கும் பொலியெஸ்டர் பிசின் இங்கே எளிதாகக் கிடைக்கும், விலையும் குறைவு. அதை வாங்கவேண்டாம். பைபரின்மேல் பைபருக்கு அது நல்லது. மரத்தில் பலமாகப் பிடிக்காது, மரம் ஈரத்தில் அசைய அசைய உரிந்துவரும். உரிந்த இடைவெளியில் நீர் நின்று உள்ளுக்குள்ளேயே மரம் உக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. மரவள்ளத்துக்கு எப்பொக்சிதான்.

கடினமாக்கியில் மெதுவாக இறுகும் வகையைக் கேளுங்கள். நம் வெயிலுக்கு வேகமானது சிரட்டையில் இருக்கும்போதே புகைந்து கட்டியாகிவிடும். ஒரு தடவைக்கு 150 மி.லீ. அளவில் கலந்து, உடனே தட்டையான தட்டில் ஊற்றிப் பரப்புங்கள். குவிந்திருந்தால் தன் சூட்டிலேயே இறுகும். இரண்டு பாகத்தின் விகிதத்தையும் கொள்கலனில் சொன்னபடியே அளக்கவேண்டும். கெதியாக இறுகட்டும் என்று கடினமாக்கியைக் கூட்டினால் அது எப்போதும் மென்மையாகவே இருக்கும்.

கையுறை இல்லாமல் தொடாதீர்கள். சிலருக்குப் பலநாள் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு, திடீரென ஒவ்வாமை வரும், வந்தால் பிறகு போகாது. தோலில் பட்டால் துடைத்துச் சவர்க்காரத்தால் கழுவுங்கள். தின்னரால் கழுவினால் அது எப்பொக்சியைத் தோலுக்குள் கொண்டுபோகும்.

ஸ்குறூ 316 தரத் துருப்பிடிக்காத உருக்கு அல்லது வெண்கலம். பித்தளை வேண்டாம். உப்புநீர் அதிலுள்ள துத்தநாகத்தை அரித்தெடுத்து, மிச்சத்தை உதிரும் செம்பாக்கிவிடும்.

5. தரையில் முழு அளவில் வரையுங்கள்

எல்லாரும் தாண்டிப் போக நினைக்கும் படி இதுதான்.

வெள்ளைப் பெயின்ற் அடித்த பிளைவுட்டிலோ வழுவழுப்பான சீமெந்துத் தரையிலோ, வள்ளத்தைப் பக்கவாட்டிலும் மேலிருந்தும் முழு அளவில் வரையுங்கள். அட்டவணைப் புள்ளிகளில் சிறு ஆணிகளை நிறுத்தி, கணு இல்லாத மெல்லிய நீண்ட றீப்பை ஒன்றை அவற்றின்மேல் வளைத்து வையுங்கள். பிறகு தரையோடு கண்ணை வைத்து, ஒரு முனையிலிருந்து அந்த றீப்பையை நெடுக்காகப் பாருங்கள்.

றீப்பை ஒரே சீராக வளைந்தால் அளவு சரி. ஓரிடத்தில் மேடோ பள்ளமோ தெரிந்தால் அந்த ஆணியைப் பிடுங்கிவிட்டு, றீப்பை தானாக எங்கே போய் நிற்கிறது என்று கவனியுங்கள். இரண்டு மூன்று மி.மீ. வித்தியாசமானால் றீப்பை நின்ற இடத்தையே எடுங்கள், அட்டவணையை விடுங்கள். அதற்குமேல் போனால் நீங்கள் அளவைப் பிழையாக வாசித்திருக்கிறீர்கள். இப்படி ஒவ்வொரு கோட்டையும் திருத்தியபின் மற்றப் படத்திலும் அதே அளவுகள் பொருந்துகின்றனவா என்று ஒத்துப் பாருங்கள்.

காரணம் இதுதான். வளையும் பலகை றீப்பையைப் போலவே நடந்துகொள்ளும். றீப்பை மறுத்த கோட்டைப் பலகையும் மறுக்கும். தரையில் அழித்துத் திருத்த ஒரு நிமிடம். பலகை ஏறியபின் அதே திருத்தத்துக்குப் பலகையைக் கிழித்தெடுக்கவேண்டும்.

6. கட்டுமேடையும் அச்சுகளும்

வள்ளத்தைக் கவிழ்த்துவைத்தே கட்டுவோம். அப்போது பலகை ஏற்றவும் பசை வழியாமல் பூசவும் வசதி. 4 அங்குலத்துக்கு 2 அங்குலச் சட்டங்களால் ஏணி போல ஒரு மேடை செய்து, நீர்க்குழாய் மட்டம் பிடித்து, அசையாமல் தரையோடு இறுக்குங்கள். நடுவால் மீன்பிடி நைலோன் நூல் ஒன்றை விறைப்பாகக் கட்டுங்கள். இனி எல்லா அளவும் அந்த நூலிலிருந்துதான்.

அச்சுகள் மூன்று. தரைப்படத்திலிருந்து எடுத்து, மலிவான பலகையில் வெட்டினால் போதும், அவை வள்ளத்தில் இருக்கப்போவதில்லை. மேடையில் நிறுத்தும்போது அச்சின் தடிப்பு எப்போதும் வள்ளத்தின் நடுப்பக்கமாக இருக்கட்டும். வள்ளம் முனைகளை நோக்கி ஒடுங்குகிறது. தடிப்பு முனைப்பக்கம் இருந்தால் அதன் விளிம்பு பலகையை வெளியே தள்ளும்.

அணியக்கட்டையையும் பின்பலகையையும் நிறுத்தியபின், அணியக்கட்டையின் நடுவிலிருந்து ஒவ்வோர் அச்சின் இடது மூலைக்கும் வலது மூலைக்கும் நூல் பிடித்து அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக வரவேண்டும். 5 மி.மீ. வித்தியாசம்தானே என்று விடவேண்டாம். அப்படி விட்ட வள்ளம் தண்டை விட்டதும் ஒருபக்கமாகவே திரும்பும். அச்சு விளிம்புகளுக்குப் பொதிசெய்யும் பிளாஸ்ரிக் ரேப் ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் வள்ளமும் அச்சும் ஒன்றாக ஒட்டிப்போகும்.

7. பிளைவுட்டை நீளமாக்குதல்

தாள் 8 அடி, நமக்கு வேண்டியது 13 அடி. முனைகளைச் சரிவாகச் சீவி ஒன்றின்மேல் ஒன்று ஒட்டவேண்டும். சரிவின் நீளம் தடிப்பின் எட்டு மடங்கு: 6 மி.மீ. தாளுக்கு 48, 9 மி.மீ. தாளுக்கு 72.

தாள்களைப் படிக்கட்டு மாதிரி அடுக்கிக் கிளாம்ப் போட்டு, எல்லாவற்றையும் ஒன்றாகச் சீவுளியால் இழையுங்கள். இழைக்க இழைக்கப் பிளைவுட்டின் படைகள் இருண்டதும் வெளிறியதுமான பட்டைகளாகத் தெரியும். அந்தப் பட்டைகள் நேராகவும் ஒரே அகலமாகவும் ஓடினால் சரிவு சரி. ஒரு பட்டை வளைந்தால் அங்கே பள்ளம். இதைவிட நல்ல அளவுகோல் தேவையில்லை.

ஒட்டும்போது முதலில் வெறும் எப்பொக்சியை இரு முகத்திலும் பூசி ஊறவிடுங்கள். அப்புறம்தான் மரத்தூள் சேர்த்துக் கட்டியாக்கியதைப் பூசவேண்டும். நேரே கட்டிப் பசையைப் போட்டால் மரமுனை பிசினை உறிஞ்சிவிட்டு மூட்டு வறண்டுபோகும். கிளாம்பை முறுக்கி நெரிக்கவும் வேண்டாம். பசை எல்லாம் வெளியே வந்துவிடும்.

8. அடிப்பலகை

9 மி.மீ. பலகையை அச்சுகளின்மேல் வைத்து, அணியக்கட்டையிலும் பின்பலகையிலும் ஒட்டி ஸ்குறூ போடுங்கள். அச்சுகளில் தற்காலிக ஸ்குறூ மட்டும். பிறகு அடியின் விளிம்பைப் பக்கப்பலகை வந்து அமரும் கோணத்துக்குச் சீவவேண்டும். இந்தக் கோணம் அணியத்திலிருந்து பின்வரை மாறிக்கொண்டே போகும். அச்சு உள்ள இடங்களில் மட்டும் சரியாக வெட்டிக்கொண்டு, றீப்பையை வைத்துப் பார்த்துப் பார்த்து இடைப்பகுதிகளை இணையுங்கள்.

9. பக்கப்பலகைகள்

பலகை ஏறும் கோடுகளை ஒவ்வோர் அச்சிலும் குறித்து, அந்தக் கோட்டில் றீப்பையைத் தற்காலிகமாக அடித்து, பத்தடி தள்ளி நின்று பாருங்கள். வள்ளத்தின் அழகு முழுதும் இந்த மூன்று கோடுகளில்தான். முக்கியமாக மேல்விளிம்புக் கோடு. அளவு சரி, கண்ணுக்குச் சரியில்லை என்றால் கண் சொல்வதைக் கேளுங்கள்.

வளைந்து நிற்கும்போது நேராகத் தெரியும் பலகையைக் கழற்றித் தரையில் போட்டால் வாழைப்பழம் போல வளைந்திருக்கும். அதனால் நேர்க்கோட்டில் வெட்டிப் பொருத்த முடியாது. மெல்லிய பிளைவுட் கீலம் ஒன்றை வளைக்காமலும் முறுக்காமலும் அந்த இடத்தில் படியவைத்து, கவராயத்தால் கோடுகளை அதில் ஏற்றி, பிறகு பலகைக்கு மாற்றுங்கள். கீலத்தை விளிம்புவாட்டில் நெருக்கி வளைத்தால் வடிவம் பொய்யாகும்.

சோடியாக வெட்டுங்கள். ஏற்றும்போதும் இடம், வலம் என மாறிமாறி ஏற்றுங்கள். ஒரு பக்கம் மூன்றையும் முடித்துவிட்டு மறுபக்கம் போனால், இழுவையில் முழுவள்ளமும் முறுகிவிடும்.

ஏறும் விளிம்பின் அகலம் 20 மி.மீ. கீழ்ப்பலகையின் விளிம்பை மேற்பலகை தட்டையாகப் படியும்படி சரிவாகச் சீவுங்கள். அணியத்தை நெருங்கும் கடைசி ஓரடியில் இரு பலகையிலும் படிப்படியாகத் தடிப்பைக் குறைத்து, அணியக்கட்டையில் இரண்டும் ஒரே மட்டமாக முடியச் செய்யவேண்டும். இந்தச் சீவலைப் புதியவர்கள் மறந்துவிடுவார்கள். அப்போது அணியத்தில் படிக்கட்டுப் போல இடைவெளி நின்று, அங்கே பசையால் அடைக்கவேண்டி வரும்.

பசை பூசுமுன் ஒருமுறை உலர்வாக ஏற்றி, எல்லா ஸ்குறூத் துளையும் போட்டு, கழற்றி, பிறகு பூசுங்கள். பசை இறுகிக்கொண்டிருக்கும்போது துளை தேடக்கூடாது.

10. கவிழ்ந்தபடியே முடிக்கவேண்டியவை

வெளியே வழிந்த பசையைக் கல்லாகுமுன் சுரண்டிவிடுங்கள். அடிப்பக்கம் முழுதும், அடியும் பக்கமும் சேரும் விளிம்பு உட்பட, சதுர மீற்றருக்கு 200 கிராம் கண்ணாடித் துணியை எப்பொக்சியில் ஒட்டுங்கள். கரையில் சிப்பி கீறினாலும் மரம் வெளிப்படாது. மரம் வெளிப்பட்ட இடத்தால்தான் துளைபோடும் கடற்புழு நுழையும்.

எப்பொக்சியை மாலையில், சூடு இறங்கும் நேரத்தில் பூசுங்கள். காலையில் பூசினால் வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து குமிழாக வெளியே வரும். மாலையில் காற்றுச் சுருங்குவதால் பிசினை மரம் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

அடியின் பின்பகுதியில் நடுவே முக்கோணப் பலகை ஒன்றை நிறுத்துங்கள். தட்டை அடி வள்ளம் நேராகப் போவது இதனால்தான். வெளி அணியக்கட்டையும் இப்போதே. பலகை முனைகளை அதுதான் மூடிக் காக்கும்.

11. நிமிர்த்தியபின்

அச்சைக் கழற்றியதும் மேல்விளிம்பு விரியவோ ஒடுங்கவோ பார்க்கும். அதனால் நடு அச்சைக் கழற்றுமுன் குறுக்கே ஒரு றீப்பையை அடித்து அகலத்தை நிறுத்திவையுங்கள். உள்ளே அடியும் பக்கமும் சேரும் மூலையில் மரத்தூள் பசையை உருட்டி வழித்து, அதன்மேல் கண்ணாடித் துணிப்பட்டி. பிறகு விளிம்புச் சட்டங்கள், குறுக்கு வாங்குகள், பூவரசு மூலைக்கட்டைகள், இந்த வரிசையில்.

அணிய வாங்கின் கீழும் பின் வாங்கின் கீழும் காற்று அடைத்த பெட்டிகள் கட்டாயம். ஒரு லீற்றர் காற்று ஏறக்குறைய ஒரு கிலோவைத் தாங்கும். வள்ளம் நிறைந்தாலும் அமிழாது. பெட்டிக்குக் கழற்றும் மூடி வையுங்கள், கரையில் திறந்து காயவிடாவிட்டால் உள்ளே வேர்த்து மரம் உக்கும்.

12. பூச்சு

எப்பொக்சிமேல் படிந்த படலத்தைத் தண்ணீரும் உரஞ்சியும் கொண்டு கழுவியபின்னரே சாண்ட்பேப்பர் பிடியுங்கள். கழுவாமல் தேய்த்தால் அந்த மெழுகு மரத்துக்குள் தேய்பட்டு, பெயின்ற் உரியும். எப்பொக்சி வெயிலில் தனியே நிற்காது, அதன்மேல் பெயின்றோ புறஊதாக் கதிரைத் தாங்கும் வாணிஷோ இருக்கவேண்டும்.

கீழிரு பலகைகளுக்கு வெளிர் நிறப் பெயின்றும், மேற்பலகை, வாங்கு, விளிம்புக்கு வாணிஷும் அடித்தால் பழைய பாணி வரும். கரும்பச்சையும் கருநீலமும் படத்தில் அழகு. நம் வெயிலில் கருநிறப் பலகை சூடேறி எப்பொக்சி இளகும், பலகை விளிம்புகள் கோடாகத் தெரியத் தொடங்கும்.

13. தண்டும் மரக்கோலும்

தண்டு வளையங்களுக்கிடையே 48 அங்குலமானால், அதில் பாதி 24, இரண்டு கூட்டினால் 26. அதை 25ஆல் பெருக்கி 7ஆல் வகுத்தால் 93 அங்குலம், ஏறத்தாழ 7¾ அடி. இதுதான் தண்டின் நீளம். வளையத்தை வாங்கின் பின்விளிம்பிலிருந்து ஓரடி பின்னால் வையுங்கள். ஆழமில்லாத இடத்துக்கு மரக்கோல் ஒன்றும் கூடவே இருக்கட்டும்.

14. தண்ணீரில் இறக்குதல்

மீன்பிடிக்கப் பாவிப்பதானால் கடற்றொழில் நீரியல்வளத் திணைக்களத்தில் பதியவேண்டும். பொழுதுபோக்குக்குத்தான் என்றாலும், இறக்கும் கரையிலுள்ள கடற்றொழிலாளர் சங்கத்திடமும் கடற்தொழில் பரிசோதகரிடமும் முன்கூட்டியே கேளுங்கள். வலை எங்கே கிடக்கிறது, எந்தப் பக்கம் போகக்கூடாது என்று அவர்கள்தான் சரியாகச் சொல்வார்கள்.

முதல்நாள் காற்று எழும்பாத விடியலில், இடுப்பளவு நீரில் இறக்குங்கள். உயிர்காப்பு அங்கி அணிந்து, வேண்டுமென்றே வாளியால் நீர் ஊற்றி வள்ளத்தை நிரப்புங்கள். இரண்டு பேர் பிடித்துக்கொண்டு நிற்க, நிரம்பிய வள்ளம் மட்டமாக மிதக்கிறதா என்று பாருங்கள். ஒரு முனை தாழ்ந்தால் அந்தப் பெட்டியில் கசிவு, அல்லது அதன் கொள்ளளவு போதாது. திருத்தாமல் ஆழத்துக்குப் போகவேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் நல்லதண்ணீரால் கழுவி, பெட்டி மூடிகளைத் திறந்து, கொட்டிலுக்குள் கட்டைகளின்மேல் கவிழ்த்துவையுங்கள். தறப்பாளை ஒட்டச் சுற்றவேண்டாம், காற்றுப் போகாமல் வாணிஷ் வெளிறும். வருடமொருமுறை மழைக்கு முன் வாணிஷை லேசாகத் தேய்த்து இரண்டு பூச்சு அடியுங்கள். வெடிப்புத் தெரிந்தபின் அடிப்பதானால் முழுதையும் சுரண்டவேண்டிவரும்.